மிதவை எண் பதினேழு

கணபதி மாநகரில் சித்திரை வெயில்.
தகரக் கூரைக்குக் கீழே
ஆறுச்சாமி பற்றவைத்துக்கொண்டிருப்பது
ஒரு குளிர்காலம்.

முப்பதடி நீளம், இரண்டரை அடி விட்டம்,
இரு முனையிலும் மூடி, நான்கு காதுகள்,
காதுகளில் கோக்கச் சங்கிலி.
இப்படி அறுபத்து நான்கு.
தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்
பெயர் வாயில் நுழையாத ஓர் ஆற்றின் குறுக்கே
வரிசையாய்ப் படுக்க வேண்டும்,
மேலிருந்து இறங்கும் பனிப்பாளங்கள்
கீழ்த்துறையில் நிற்கும் கப்பல்களின்
விலாவைக் கிழிக்காதபடி.

“ஏனுங் அம்மணி, ஆறே கல்லாயிருமுங்களா?”
ஆயிரும் என்றேன்.
நானும் பார்த்ததில்லை.
என்னிடம் இருப்பது ஒரு வரைபடம்.
அதன் ஓரத்தில் ஓர் எண்:
மீட்டருக்கு இவ்வளவு என்று பனி தள்ளும் விசை.
அடியில் ஒரு குறிப்பு:
சுமை மீறினால் மிதவை மூழ்க வேண்டும்,
பனி கடந்தபின் எழ வேண்டும்.
யாரோ தப்பாகத் தட்டியது என்று நினைத்து
மின்னஞ்சலில் கேட்டேன்.
சரிதான் என்று ஒற்றை வரியில் பதில்.

ஆறுச்சாமிக்குத் தெரிந்த பனிக்கட்டி
உக்கடம் மீன் மார்க்கெட்டில்
மரத்தூள் ஒட்டிக் கிடப்பது.
சாக்கில் சுற்றிக் கட்டையால் நாலு போட்டால்
பொடிப்பொடி.
“இதுக்காங் கப்பல் பயப்படுது?”

பீளமேட்டுச் சோதனைக்கூடத்தில்
விரல் நீளத் துண்டுகளைச்
சாராயமும் உலர்பனியும் கலந்த தொட்டியில்
மைனஸ் நாற்பதுக்கு இறக்கினோம்.
இடுக்கியால் எடுத்து
ஐந்து விநாடிக்குள் வைத்து
ஊசல் சுத்தியலை விட வேண்டும்.
நல்ல பற்று முனகும், வளையும்,
மனசில்லாமல் கிழியும்.
பதினேழாம் மிதவையின் பற்று
பட்டென்று போனது.
உடைந்த முகம் கல்லுப்பாய் மினுங்கியது.

இரவு ஷிப்டின் அவசரத்தில்
சூடு கூட வைத்து இழுத்திருக்கிறது கை.
நம்மூர் வெப்பம்
கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது என்று
அறிக்கையில் எழுத முடியாது.
ஆம்பியர் எழுதினேன், தேதி எழுதினேன்,
பெயருக்கான கட்டத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்து
அதையும் எழுதினேன்.
சிவப்புப் பெயின்ட்டில் அதன் வயிற்றில்
நிராகரிப்பு என்று எழுதியது
அவரேதான். கோணாத எழுத்து.

பதினேழுக்கு மாற்று செய்து
அறுபத்து நான்கும் போயின.
இது முள்வேலியோரம் கிடந்தது.
நாய் ஒன்று அதன் நிழலில் ஈன்றது.
நாலு குட்டி.

ஆவணியில் நெருஞ்சிப்பேட்டையிலிருந்து
சென்னியப்பன் வந்தார்.
அக்கரைக்கு விசைப்படகு ஓட்டுபவர்.
மேட்டூரில் தண்ணீர் திறந்தால்
ஆகாயத்தாமரை பாய் பாயாக வந்து
துறையை மூடும், விசிறியில் சுற்றும்,
பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு
படகு நட்டாற்றில் நின்றுவிடும்.
எடைக்கு எடை இரும்பு விலை பேசினார்.
காவேரி எந்த மார்கழியிலும்
பதினைந்து டிகிரிக்குக் கீழே போனதில்லை.
தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றேன்.

ஐப்பசி ஞாயிறு, நானும் ஆறுச்சாமியும் போனோம்.
ஆற்றடிப் பாறையில் கட்டிய கம்பிவடம்,
பதினேழுக்கு இருபுறமும்
தார் டிரம்கள் ஆறு.
பச்சை வந்து சேர்ந்துகொண்டே இருந்தது,
ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், ஊதாப் பூ,
எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
இந்தப்பக்கம் வெறும் தண்ணீர்.
படகு போய் வந்தது, போய் வந்தது.

பிறகு வேரோடு ஒரு மருதமரம்.
வடம் விறைத்துக் கூவியது.
மிதவை ஒரு பக்கம் சாய்ந்து
தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.
மரம் ஏறிக் கடந்தது,
பின்னால் அரை ஏக்கர் பச்சையும்.
சென்னியப்பன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
ஆறுச்சாமி எண்ணிக்கொண்டிருந்தார் போல,
உதடு அசைந்தது.

எழுந்தது.
வயிறு மேலாக, நீர் சொட்ட,
சிவப்பு எழுத்து தலைகீழாக.

“அங்கயும் இப்படித்தானுங்களா?”

நான் பார்த்ததில்லை, ஆறுச்சாமி.

அவர் கேட்கவில்லை.
வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிப்போய்
நனைந்த தன் பற்றை
கட்டைவிரலால் நீளவாக்கில்
தடவிக்கொண்டிருந்தார்.